‘கிரேடு ஒன்னுதானே’ என்று விட்டுவிடலாமா? ஃபேட்டி லிவரை ஊரே சேர்ந்து எதிர்கொள்ள என்ன வழி?

“கிரேடு ஒன்னுதான், இப்பல்லாம் எல்லாருக்கும் இருக்கு.” மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்துவிட்டு வரும் இளைஞர்கள், தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரை அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. ரிப்போர்ட் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் எல்லாருக்கும் இருக்கிறது என்பது ஆறுதல் அல்ல. அதுதான் பிரச்சினையே.

எத்தனை பேருக்கு?

சென்னையில் 541 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்தது. 2025-ல் வெளியான ஹைதராபாத் ஆய்வில் 345 ஐடி ஊழியர்களில் 84 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு தெரிந்தது. ஒரே நகரத்தின் கணக்கை அப்படியே ஓஎம்ஆருக்கும் தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கும் பொருத்த முடியாது. ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை, நைட் ஷிஃப்ட், ராத்திரி 11 மணிக்கு பிரியாணி எல்லாம் இங்கேயும் உண்டு.

குடிக்காதவருக்கும் ஏன்?

“குடிச்சாத்தானே லிவர் போகும்?” என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. உடல் பருமன், சர்க்கரை நோய், இன்சுலின் சரியாக வேலை செய்யாமை ஆகியவையும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். அதனால்தான் 2023-ல் சர்வதேச மருத்துவ அமைப்புகள், வளர்சிதை மாற்றக் கோளாறைக் குறிக்கும் வகையில் நோயின் பெயரையே மாற்றின. பலருக்கு இது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு வீக்கம், தழும்பு, சிரோசிஸ் என்று வளரும். மாரடைப்பு அபாயமும் இதோடு சேர்ந்தே வரும்.

எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தால் போதுமா?

போதாது. சாதாரண அல்ட்ராசவுண்ட் கொழுப்பைக் காட்டும், தழும்பை அளக்காது. ‘கிரேடு’ என்பதும் கொழுப்பின் அளவுதான். தழும்பு இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்க ‘ஃபிப்-4’ என்ற எளிய கணக்கு உதவும். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். பொதுவாக விடை 1.3-க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு. 2.67-க்கு மேலே போனால் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது.

அரசு என்ன செய்கிறது?

மத்திய அரசு 2021 பிப்ரவரியில் இந்த நோயைத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் புதிய வழிகாட்டுதல்கள் வந்தன. முதல் சல்லடை ஒரு இன்ச் டேப்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் இதற்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளை வீட்டிலேயே சந்திக்கிறது. கல்லீரல் ஆபத்து அதிகம் உள்ளவர்களில் பெரும்பங்கு இவர்கள்தான். ஆனால் காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்கும் 28 வயதுக்காரர் பகலில் வீட்டில் இருக்க மாட்டார். தேசியத் திட்டத்தின் பரிசோதனையும் 30 வயதிலிருந்துதான். இவரைப் பிடிக்கச் சரியான இடம் அலுவலகம்தான். அந்த வகையில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ முக்கியமானது.

தாம்பரத்துக்குத் தெரிந்த பாடம்

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே காசநோய் மருத்துவமனையால் வந்தது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959-ல் வெளியான சென்னை ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. சிகிச்சை மருத்துவமனைச் சுவரைத் தாண்டியது. ஃபேட்டி லிவருக்கும் அதே தாண்டல் தேவை.

‘வெயிட்டைக் குறைங்க’ மட்டும் போதுமா?

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோதான். ஆனால் ஆபீஸ் கேன்டீனில் பரோட்டாவும் பஜ்ஜியும் மட்டுமே இருந்தால், வீட்டுத் தெருவில் நடக்க இடமே இல்லாவிட்டால், அறிவுரை எவ்வளவு நாள் தாங்கும்? பெசன்ட் நகரில் 8 கி.மீ. நடைபாதை இருப்பது நல்லது. பெருங்களத்தூர்க்காரருக்கு அவர் தெருவிலேயே நடைமேடை வேண்டும்.

வரியிலும் ஒரு ஓட்டை. குளிர்பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. ஆனால் சர்க்கரை கூடினாலும் குறைந்தாலும் அதே வரிதான். பிரிட்டன் 2018-ல் சர்க்கரை அளவுக்கேற்ப வரி போட்டது. நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த கிரேடு?” என்பது அல்ல. “தழும்பு இருக்க வாய்ப்பு இருக்கா? சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எப்படி இருக்கு?” என்பதுதான்.