இயந்திரத்துக்குத் திறந்த எல்லை

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. இங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகள். எல்லை தாண்டினால் ஜப்பானிய நிறுவனங்கள் நிறைந்த ஸ்ரீசிட்டி. இந்தத் தொழில் வட்டாரம் இரண்டு வகை வெளியூர்க்காரர்களை நம்பி ஓடுகிறது: வெளிநாட்டுப் பொறியாளர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள். 2020-இல் கொரோனா இரு தரப்புக்கும் வழியை அடைத்தது. அது திரும்பத் திறந்த விதத்தில்தான் எத்தனை வேறுபாடு!

விசா இருந்தும் விமானம் இல்லை

2020 மார்ச் 13 முதல் பெரும்பாலான விசாக்களை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தூதரக விசா போன்றவற்றோடு, வேலை விசாவுக்கும் மின்சாரம், உருக்குத் துறைகளுக்கான ப்ராஜெக்ட் விசாவுக்கும் விலக்கு இருந்தது. ஆனால் மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களே இங்கு இறங்கவில்லை.

ஜூன் 1-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் கதவைக் கொஞ்சம் திறந்தது. வெளிநாட்டு இயந்திரங்களை நிறுவ, பழுதுபார்க்க, பராமரிக்க வரும் பொறியாளர்களை, இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனம் அழைத்தால் அனுமதிக்கலாம். பழைய இ-விசா செல்லாது. இந்தியத் தூதரகத்தில் புதிதாக பிசினஸ் விசாவோ வேலை விசாவோ வாங்க வேண்டும். வந்து இறங்கியதும் தனிமைப்படுத்தல். அக்டோபர் 22-இல் சுற்றுலா, மருத்துவ, இ-விசாக்கள் நீங்கலாக மற்றவை உயிர்பெற்றன. வழக்கமான விமானப் போக்குவரத்து திரும்பியதோ 2022 மார்ச் 27-இல்தான்.

பொறியாளர்களுக்கான அந்த ஜூன் அனுமதி சரியானதே. இயந்திரம் நின்றால் அதை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கானோரின் கூலியும் நிற்கும். யார் அவசியம், யார் அழைக்க வேண்டும், எந்த விசா என்று அந்த உத்தரவு தெளிவாகச் சொன்னது.

இயக்கும் கைகளுக்கு?

அந்தத் தெளிவு, இயந்திரத்தை அன்றாடம் இயக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. 2020 மார்ச் 25-இல் நாடு முடங்கியது. தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1-இல். இடைப்பட்ட நாட்களில் நாடெங்கும் தொழிலாளர்கள் மூட்டையோடு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டருக்கு உரிமத்தையும் தொழிலாளிக்குப் பயணப் படியையும் விதித்திருந்தது. அந்தச் சட்டம் ஒழுங்காக நடைமுறையில் இருந்திருந்தால், யார் எங்கே இருக்கிறார் என்ற பதிவேடாவது கையில் இருந்திருக்கும்.

ஊர் திரும்பியவர்கள் 1.04 கோடிக்கு மேல் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன அரசு, வழியில் இறந்தவர்களின் கணக்கு தன்னிடம் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2021 ஆகஸ்ட் 26-இல் அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவுசெய்யும் இ-ஷ்ரம் தளம் திறக்கப்பட்டது.

இப்போதே எழுதுங்கள்

அடுத்த பெருந்தொற்று வரும்போது உத்தரவுகளை அவசரத்தில் எழுதக் கூடாது. கும்மிடிப்பூண்டி போன்ற ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஒரே திட்டம் வேண்டும். வெளிநாட்டுப் பொறியாளருக்கு விசா வழி, வடமாநிலத் தொழிலாளிக்குப் பயண வழி, இருவருக்கும் தனிமைப்படுத்தும் இடம், வேலையில்லாத நாட்களுக்குச் சாப்பாடும் கூலியும், அந்தச் செலவை ஏற்பவர் யார் என்பது - எல்லாம் அதில் இருக்க வேண்டும். இயந்திரத்துக்காக எல்லையைத் திறக்கத் தெரிந்த அரசுக்கு, மனிதருக்காக அதைத் திறப்பதும் கைவர வேண்டும்.