புல்வெளியின் மக்கள்

நுழையும்முன்

நீலகிரி என்றவுடன் உதகையின் ஏரியும் பூங்காவும் மலைத்தொடர்வண்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அம்மலை முகட்டில் எருமை வளர்த்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். ஒருபுறம் சுற்றுலா நகரமும் மறுபுறம் காப்புக்காடுகளும் தேசியப் பூங்காவும் சூழ்ந்திருக்க, தம் மேய்ச்சல் நிலத்தையும் பண்பாட்டையும் காத்துவரும் அவர்தம் வாழ்வை விளக்குகிறது இக்கட்டுரை.

மலைமேல் முல்லை

பழந்தமிழரின் திணைப் பகுப்பில் மலை குறிஞ்சிக்கு உரியது. ஆநிரை மேய்த்தல் முல்லைக்கு உரியது. தோடர் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் அமைந்த நீலகிரி மேட்டுநிலத்தில் குன்றுகள்தோறும் புல்வெளிகள் பரந்திருந்தன. குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் சோலைக்காடுகள் அடர்ந்திருந்தன. புல்லும் சோலையும் சதுப்பு நிலமும் மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. பைக்காரா, மோயாறு, பவானி என விரிந்து இறுதியில் காவிரியை அடையும் நீரின் ஒரு பகுதி இப்புல்வெளிகளில் பிறப்பதாகும்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக அரசு அறிவித்துள்ள ஆறு இனத்தாருள் தோடரும் ஒருவர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 2000 பேரே. அவர்கள் பேசும் தோடா மொழி தமிழைப் போன்றே தென்திராவிட மொழிகளுள் ஒன்று. அதற்கு எழுத்து வடிவம் இல்லை. பாடல்களே அம்மக்களின் வரலாற்றையும் வழிபாட்டையும் தாங்கி நிற்கின்றன. மொழியியல் அறிஞர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கி அப்பாடல்களைத் திரட்டினார். அத்தொகுப்பு 1971ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

மந்தும் பால்மனையும்

தோடரின் சிற்றூர் 'மந்து' எனப்படும். ஒரு மந்தில் சில வீடுகளும் எருமைத் தொழுவமும் பால்மனையும் இருக்கும். ஊர் கூடும் இடத்தையும் ஆநிரை அடையும் இடத்தையும் குறிக்கும் 'மன்று' என்னும் தமிழ்ச்சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழியியலார். உதகமண்டலத்தின் பழைய பெயராகிய 'உதகமண்டு' என்பதன் ஈற்றில் ஒலிப்பதும் இந்த மந்தே.

தோடரின் மரபுவழி வீடு, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற அரைவட்டக் கூரையை உடையது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல்லால் வேய்வர். குனிந்தோ தவழ்ந்தோ நுழையும் அளவுக்கு அதன் வாயில் சிறியது. குளிரும் காற்றும் விலங்கும் உட்புகாமல் காப்பதற்கு அவ்வளவே போதும்.

எருமை அவர்களுக்குச் செல்வம் மட்டுமன்று. சமயமும் அதனைச் சார்ந்தே அமைந்துள்ளது. பால்மனையே கோயில், பால் கறத்தலும் தயிர் கடைதலும் வழிபாட்டுச் செயல்கள். மரபாகப் புலால் உண்ணாத தோடர்கள், பாலும் நெய்யும் தந்து படுகரிடமிருந்து தானியமும் கோத்தரிடமிருந்து மட்கலமும் இரும்புக் கருவிகளும் பெற்றனர். குறும்பர்கள் காடுபடு பொருள்களைத் தந்தனர். இவ்வாறு ஒருவரையொருவர் சார்ந்த வாழ்வு அம்மலையில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமான நூலால் தோடர் மகளிர் செய்யும் பூவேலை புகழ்பெற்றது. துணியில் வடிவம் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே தைப்பர். இக்கலைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தரிசு எனப்பட்ட நிலம்

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். சில ஆண்டுகளில் உதகையில் ஆங்கிலேயரின் வீடுகளும் சாலைகளும் எழுந்தன. வெப்பம் மிகுந்த கோடையில் சென்னை மாகாண அரசு அங்கிருந்து இயங்கலாயிற்று. 1908ஆம் ஆண்டு தொடர்வண்டி உதகையை எட்டியது.

வந்தவர் கண்ணுக்குப் புல்வெளி உழப்படாத வெற்றிடமாகத் தோன்றியது. மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் வயல், இரண்டும் இல்லையேல் தரிசு என்று அவர்கள் கணக்கிட்டனர். ஆனால், மேய்ப்பவருக்கு அது பருவந்தோறும் பயன்தரும் நிலம். கோடைக்காலத்தில் மேற்கேயுள்ள ஈரம் மிக்க புல்வெளிகளுக்கு எருமைகளை ஓட்டிச் செல்வதும், முற்றிய புல்லைக் கட்டுப்பாட்டுடன் எரித்து இளம்புல் தழைக்கச் செய்வதும் தோடரின் மரபு.

தரிசு என்னும் அக்கணிப்பு நிலத்தையே மாற்றியது. விறகுக்காகத் தைல மரங்களும் சீகை மரங்களும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்காகவும் அவ்வகை நடவு விரிந்தது. நீர்மின் திட்டங்களின் அணைகள் பள்ளத்தாக்குகளை நீரில் ஆழ்த்தின. சதுப்பு நிலங்கள் உருளைக்கிழங்குத் தோட்டங்களாயின. புல் எரிப்பதற்கு வனச்சட்டம் தடை விதித்தது.

இவற்றின் விளைவுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. மேய்ச்சல் நிலம் சுருங்கவே எருமைகள் குறைந்தன. எருமைகள் குறையவே சில பால்மனைகளில் வழிபாடு நின்றது. கோயிற்கூரை வேயும் புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு மறைந்தால் அப்புல்லுக்காக நெடுந்தொலைவு அலைய நேர்கிறது. வழிபாடு நிற்கும் இடத்தில் அதற்குரிய சொற்களும் பாடல்களும் வழக்கொழிகின்றன. ஆகவே, புல்வெளியின் இழப்பு ஒரு மொழியின் இழப்பாகவும் முடியக்கூடும்.

காப்பும் உரிமையும்

1986ஆம் ஆண்டு நீலகிரி, நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வரையாடுகளின் உறைவிடமாகிய முக்குருத்திப் பகுதி 1990ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். எஞ்சிய புல்வெளியைக் காப்பதற்கு இது இன்றியமையாதது. ஆயினும், முக்குருத்திச் சிகரம் தோடருக்கு இறந்தோரின் உயிர் மறுஉலகம் செல்லும் வழியாகும். விலங்குகளுக்காகக் காக்கப்படும் அதே நிலம், வேறொரு வகையில் மக்களுக்கும் உரியதாக இருப்பதை இங்குக் காண்கிறோம்.

காட்டைக் காக்க மனிதரை விலக்க வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதனை மாற்றியது. மேய்ச்சல் உரிமை, காட்டுவளத்தைக் காத்து மேலாளும் சமூக உரிமை, நலிவுற்ற பழங்குடியினரின் வாழிட உரிமை ஆகியவற்றை அச்சட்டம் ஏற்கிறது. உரிமை என்பது பொறுப்பையும் உடன்கொண்டது. எப்புல் எவ்விடத்தில் வளரும், எம்மலர் எப்பருவத்தை அறிவிக்கும் என்று அறிந்த மக்களின் துணையின்றிப் புல்வெளியை மீட்டெடுத்தல் அரிது.

அயல்மரங்களை அகற்றி உள்நாட்டுப் புல்லை மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் இன்று நடைபெறுகின்றன. சீகை மரத்தை வெட்டினாலும் மண்ணில் தங்கிய அதன் விதைகள் மீண்டும் முளைக்கின்றன. எனவே, இது பல்லாண்டுகள் தொடர வேண்டிய பணி. பயணிகளின் பெருக்கத்தை அறியும்பொருட்டு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் உதகைக்கு வரும் ஊர்திகளுக்கு மின்னனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்துள்ளது.

காணும் முறை

தோடர்கள் காட்சிப்பொருள்கள் அல்லர். காலத்தோடு மாறாமல் நின்றுவிட்டவர்களும் அல்லர். அவர்கள் பயிர் செய்கின்றனர், கல்வி கற்கின்றனர், அலுவல்களில் பணியாற்றுகின்றனர். அரைவட்டக் கூரை வீடுகளைவிடக் கற்சுவர் வீடுகளிலேயே இன்று பெரும்பாலோர் வாழ்கின்றனர். மாற்றத்தை அவர்கள் மறுக்கவில்லை; எருமைக்குப் புல்லும், கோயிலுக்குக் கூரையும், தம் நிலம் பற்றிய முடிவுகளில் தமக்கு இடமுமே வேண்டுகின்றனர்.

உதகைக்குச் செல்லும் நாம் மரமற்ற குன்றினைக் கண்டால் அதனை வெற்றிடம் என எண்ணலாகாது. அது நீரைத் தேக்கும் நிலம், வரையாட்டின் உறைவிடம், ஒரு மக்களின் மன்று. அப்புல்வெளி நிலைத்தால் மலையடிவாரத்தின் ஆறுகளும் நிலைக்கும்.