சாண்டா குரூஸ்: கோயில் விழுந்தது, குடியிருப்பு நின்றது

தோழர்களே, ஒரு பழங்கட்டடம் நினைவுச் சின்னமாக்கப்படும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டியவர் யார்? உள்ளே வாழ்ந்தவர் யார்? பெயர்ப்பலகையில் இருப்பது யார் பெயர்? கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் மிஷனிடம் இக்கேள்விகளைக் கேட்போம்.

1769 முதல் 1823 வரை ஸ்பானிய பிரான்சிஸ்கன் துறவிகள் கலிஃபோர்னியாவில் 21 மிஷன்களை நிறுவினர். 1791இல் தொடங்கிய சாண்டா குரூஸ் பன்னிரண்டாவது. மிஷன் என்றால் வழிபாட்டிடம் மட்டுமல்ல. வயல், மந்தை, தறிக்கூடம், காவல்வீரர் எல்லாம் சேர்ந்த பண்ணை. ஞானஸ்நானம் பெற்ற ஓலோனி மக்கள் அனுமதியின்றி வெளியேற முடியாது. தப்பியோடினால் வீரர்கள் பிடித்துவந்தனர், சாட்டையடி விழுந்தது. மணமாகாத பெண்களை இரவில் ஓரறையில் வைத்துப் பூட்டினர். நெருக்கடியான குடியிருப்பில் புதிய நோய்கள் பரவின. பிறப்பைச் சாவு மிஞ்சியது. உழைக்க ஆள் குறைந்தபோது உள்நாட்டிலிருந்து யோகுட் மக்களையும் கொண்டுவந்து சேர்த்தனர்.

1812 அக்டோபரில் அந்த மிஷனின் பாதிரியார் அந்திரேஸ் கின்டானா கொல்லப்பட்டார். முதலில் அது இயற்கை மரணம் என்றே நம்பப்பட்டது. கொன்றவர்கள் மிஷனில் உழைத்த பூர்வகுடியினர் என்பது பின்னரே தெரியவந்தது. சிலர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர்.

அவர்கள் ஏன் கொன்றார்கள்? மிஷனில் வளர்ந்த லொரென்சோ அசிசாரா என்ற பூர்வகுடி மனிதர், தம் தந்தை சொல்லக் கேட்டதை 1877இல் வாய்மொழியாகச் சொன்னார். உலோக முனை பொருத்திய புதிய சாட்டையைப் பாதிரியார் பயன்படுத்தத் தொடங்கியதும், அதற்கு அஞ்சிய மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததும் அதில் வருகின்றன. அச்சாட்சியம் தனி நூலாக வரவில்லை. ஹோசே மரியா அமடோர் என்ற முன்னாள் படைவீரரின் நினைவுக்குறிப்புகளுக்குள்தான் அதற்கு இடம் கிடைத்தது. அடிபட்டவரின் சொல், அடித்த அமைப்பைக் காவல்காத்தவரின் ஏட்டில் தங்கியிருக்கிறது. ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1830களில் மெக்சிக அரசு மிஷன்களைத் திருச்சபையின் பொறுப்பிலிருந்து விடுவித்தது. பூர்வகுடிகளுக்குப் பங்கு உண்டு என்றது சட்டம். நிலத்தின் பெரும்பகுதியோ செல்வாக்குள்ளவர்கள் கைக்குப் போனது. 1857இல் மிஷனின் கோயில் இடிந்தது. இன்று பயணிகள் பார்க்கும் சிறிய கோயில் 1930களில் எழுந்த நகல். உண்மையில் எஞ்சியது 1820களில் பூர்வகுடிக் குடும்பங்கள் தங்கக் கட்டிய மண்செங்கல் வரிசைவீட்டின் ஒரு பகுதி மட்டுமே. கலிஃபோர்னிய மிஷன்களில் இத்தகைய குடியிருப்பு நிலைத்திருப்பது இங்கே மட்டும்தான். இன்று அது மாநில வரலாற்றுப் பூங்கா.

ஆனால் பெயர்? பிற்காலத்தில் அங்கு வாழ்ந்த இரு குடும்பங்களின் பெயரால் அது 'நியரி-ரொட்ரிகஸ் வீடு' என்றே தேசியப் பதிவேட்டில் ஏறியது. மண் பிசைந்தவர் பெயர் அதில் இல்லை.

இக்கதை முடிந்துவிடவில்லை. சாண்டா குரூஸ், சான் ஹுவான் பவுதிஸ்தா மிஷன்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களான அமா முட்சுன் மக்களை அமெரிக்க ஒன்றிய அரசு இன்னும் பழங்குடியாக அங்கீகரிக்கவில்லை. ஆயினும் மிஷன் காலத்தைப் புகழ்ந்து சாலையோரங்களில் நட்ட மணிகளை அகற்றக் கோரி அவர்கள் போராடினர். 2019இல் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்தும், 2021இல் நகரத்திலிருந்தும் மணிகள் இறக்கப்பட்டன.

நினைவுச் சின்னத்தை இடிக்கச் சொல்வதல்ல நம் வாதம். அந்த வீடு நிற்கட்டும். அதைக் கட்டியவர்களின் சாட்சியம் வாசலிலேயே வாசிக்கக் கிடைக்கட்டும்.