கடவுளைக் கடனாளியாக்கும் போதனை

பத்து டாலர் காணிக்கை கொடுத்தால் ஆயிரம் டாலர் திரும்பி வரும். ஆயிரம் கொடுத்தால் லட்சம் வரும். ஒரு வீட்டைக் கொடுத்தவனுக்கு நூறு வீடு. ஆகாய விமானம் கொடுத்தாலும் இதே விகிதந்தான். அமெரிக்காவில் 1978ல் கிளோரியா கோப்லண்ட் என்னும் பிரசங்கி அம்மையார் வெளியிட்ட நூலொன்றில் இக்கணக்கு விளங்குகிறது. நூற்றுக்குப் பத்தாயிரம் வட்டி தருவதாகச் சொல்ல எந்த லேவாதேவிக்காரனும் துணியான். இங்கே ஜாமீன் நிற்பவராகக் காட்டப்படுபவர் சாக்ஷாத் கடவுளே ஆதலின், கேட்பவர்கள் பத்திரம் கூடக் கேட்பதில்லை.

இதற்குச் 'செழிப்பு உபதேசம்' என்று கிறிஸ்தவர்களே பெயரிட்டிருக்கிறார்கள். மெய்யான விசுவாசி நோயின்றியும் செல்வத்தோடும் வாழ்வது அவனுடைய பாத்தியதை. வாயினால் அதை அறிக்கையிட்டு, ஊழியக்காரரின் கையில் 'விதை'யாகப் பணத்தை விதைத்தால் அது பலித்தே தீரும் என்பது இதன் சாரம். பலிக்காவிட்டாலோ, குற்றம் போதனையினுடையதன்று. கொடுத்தவனின் விசுவாசம் போதாது. பிற மதத்தாரின் கொள்கையில் குறை காண்பது நமது வழக்கமன்று. இவ்விஷயத்தில் நாம் குறை காணவும் வேண்டியதில்லை. கிறிஸ்தவ அறிஞர்களும் சபைகளும் இதனைக் கண்டித்திருக்கும் வன்மை, புறத்தார் எவருடைய கண்டனத்திலும் இல்லை. ஆனால் அக்கண்டனம் ஏன் அவர்களிடமிருந்தே வரவேண்டியதாயிற்று என்பதை நமது நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு முதலில் நினைவு வருவது ஒரு வழக்கு. ஜிம் பேக்கர் என்ற டெலிவிஷன் பிரசங்கி, தென் கரோலினா மாகாணத்தில் 'ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ.' என்ற பெரும் உல்லாச நகரொன்றை எழுப்பினார். ஆயிரம் டாலர் அனுப்புவோர் ஆயுள் பங்காளிகள். ஆண்டுதோறும் மூன்று இரவு அங்குள்ள ஹோட்டலில் கட்டணமின்றித் தங்கலாம் என்பது வாக்குறுதி. முதல் ஹோட்டலுக்கு 25,000 பங்காளிகளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு, 66,000 பேருக்கு மேல் சேர்த்தார். இரண்டாவது கட்டடம் முடிக்கப்படவேயில்லை. ஆனால் பிரசங்கியின் மாளிகைகளுக்கும் மோட்டார்களுக்கும் குறைவிருக்கவில்லை. 1989ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 24 குற்றச்சாட்டுகளிலும் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். நீதிபதி 45 ஆண்டு சிறை விதித்தார்.

இதன் பின் நடந்ததே சுவையானது. தண்டனை கூறுகையில், மத நம்பிக்கையுள்ள தம்மைப் போன்றவர்கள் பணந்திரட்டும் பிரசங்கிகளிடம் ஏமாந்து சலித்துப்போனார்கள் என்ற கருத்தில் நீதிபதி சில சொற்களை உதிர்த்துவிட்டார். 1991ல் அப்பீல் கோர்ட்டு, குற்றத் தீர்ப்பை நிலைநிறுத்தி, தண்டனையை மட்டும் தள்ளுபடி செய்தது. நீதிபதி தமது சொந்தப் பக்தியைத் தராசில் வைத்து ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாகாது என்பது அதன் முடிவு. கடைசியில் தண்டனை எட்டு ஆண்டாகக் குறைந்தது. 1994ல் அவர் விடுதலை பெற்றார். அம்முடிவு சரியானதென்றே நாமும் கருதுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்கர் தண்டிக்கப்பட்டது ஹோட்டல் அறைகளுக்காக. கடவுள் நூறு மடங்கு தருவார் என்று சொன்னதற்காக அன்று. அதற்காக அவரைத் தண்டிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

ஏன் இடமில்லை? 1944ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பாலர்டு என்பாரது வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. பிணி தீர்க்கும் தெய்வ சக்தி தங்களுக்குண்டென்று தபால் மூலம் பணந்திரட்டிய ஒரு குடும்பத்தார் மீது வந்த வழக்கு அது. மத நம்பிக்கை உண்மையா பொய்யா என்பதை ஜூரிகள் விசாரிக்கலாகாது என்றது பெரும்பான்மை. பின்னாளில் நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது வழக்கு நடத்திய நீதிபதி ஜாக்ஸன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சொல்பவன் மனமார நம்பிச் சொன்னானா என்று ஆராய்வதும் ஆபத்தே என்றார் அவர். பொய்த் தீர்க்கதரிசி செய்யும் பெருந்தீங்கு பண நஷ்டமன்று, உள்ளத்துக்கும் ஆன்மாவுக்கும் நேரும் நஷ்டம். அதைச் சட்டத்தின் கை எட்டாது என்பது அவருடைய கருத்து. மத சுதந்தரத்தை விரும்பும் எவரும் இதை மறுக்க இயலாது. ஆகவே அந்த நஷ்டத்தை விசாரிக்கும் பொறுப்பு, அந்த வேதத்தை ஒப்புக்கொண்டவர்களுடைய தலைமேல் வந்து விழுகிறது.

அவர்கள் விசாரித்தார்கள். முதலில் விசாரித்தவர்கள், இப்போதனைக்கு மிக அருகில் இருந்த பெந்தெகொஸ்தே சபையினரே என்பது குறிப்பிடத்தக்கது. 'அஸெம்ப்ளீஸ் ஆப் காட்' சபை 1980லேயே, வாயால் அறிக்கையிட்டதெல்லாம் கிட்டும் என்ற கொள்கையை மறுத்து அறிக்கை வெளியிட்டது. அச்சபையின் குருவும் புதிய ஏற்பாட்டு வல்லுநருமான கார்டன் பீ என்பவர், இப்போதனையை ஒரு வியாதி என்றே அழைத்து நூல் எழுதினார். அவருடைய வாதங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யோவான் எழுதிய மூன்றாம் நிருபத்தின் தொடக்கத்தில், நண்பன் சகலத்திலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டுமென்ற வாழ்த்து ஒன்று வருகிறது. ஓரல் ராபர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பிரசங்கி 1947ல் இதைக் கண்டு, கடவுள் செல்வத்தை வாக்களித்துவிட்டார் என்று துள்ளினாராம். பீ கூறுவதோ, அக்காலத்துக் கிரேக்கக் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும் என்பது. நாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிறோம். அதைப் பிற்காலத்தார் ஒருவர் எடுத்து, நமது கடிதம் பெற்றவர்க்கெல்லாம் ஆயுள் முழுவதும் நோயில்லை என்று சாஸனம் செய்தால் எப்படியோ, அப்படி! இதே ராபர்ட்ஸ் 1987ல், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிடில் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என்று டெலிவிஷனில் அறிவித்தார். பணம் சேர்ந்தது. அவர் 2009 வரை ஜீவித்திருந்தார்.

நூறு மடங்கு என்னும் வாக்கும் மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளதே. ஆனால் அதே வாக்கியத்தில், துன்பங்களோடுகூட அது கிடைக்கும் என்றும் உள்ளது. பிரசங்கிகள் மூச்சு விடுவது அவ்விடத்துக்கு முன்பாகவே. ஏழை விதவை தன் ஜீவனத்துக்கிருந்த இரண்டு காசையும் உண்டியலில் போட்ட கதையை இவர்கள் ஓயாமல் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால்தான், நீண்ட ஜெபத்தைக் காட்டி விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கு அந்தக் காசுகள் யாருடைய வீட்டுக்குப் போயின என்ற கேள்வி எழாமற் போகாது. யோபுவின் சரித்திரத்திலோ, துன்புறுகிறவன் பாவியாகவே இருக்க வேண்டுமென்று வாதிட்ட நண்பர்களைத்தான் கடவுள் கோபித்துக்கொள்கிறார், யோபுவை அன்று. செழிப்பு உபதேசம் அந்நண்பர்களின் கட்சியைச் சேர்ந்தது.

இப்போதனையின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. பணக்காரனை இது புகழ்வதில் நமக்குப் பெரிய வியப்பில்லை. உலகம் எப்போதும் புகழ்ந்தே வந்திருக்கிறது. ஏழையினிடம் இருந்த ஒரே ஆறுதலை, அதாவது தன் வறுமை தன் பாவத்தின் கூலியன்று என்ற நினைவை, இது பறித்துவிடுகிறது. மருந்துக்கு வைத்த பணத்தை விதைத்தவன் குழந்தையைப் பறிகொடுத்தால், துக்கத்தோடு அவிசுவாசி என்ற பட்டமும் அவனுக்குச் சேர்கிறது.

இதனை மிகத் தெளிவாகச் சொன்னவர்கள் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள். அமெரிக்காவில் முளைத்த இப்போதனை ஆப்பிரிக்காவின் ஏழைகளிடையே காட்டுத் தீயெனப் பரவியது. லோசான் இயக்கத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க வேத அறிஞர்கள் 2008லும் 2009லும் கானா தேசத்தின் அக்ரோபாங் நகரில் கூடி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அவர்கள் எடுத்தெறிந்து பேசவில்லை. கடவுளின் வல்லமையை நம்புவதும், வறுமையைத் தலைவிதியென்று ஏற்க மறுப்பதும் நல்லவையே என்று ஒப்புக்கொண்டார்கள். அரசாங்கமும் பிறரும் கைவிட்ட இடத்தில் இப்போதனை ஒன்றே நம்பிக்கையாய்த் தோன்றுகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வறுமையின் மெய்க்காரணங்களான அநீதியையும் சுரண்டலையும் இது தொடுவதேயில்லை. கடவுளின் சக்தியை மனிதன் முடுக்கும் யந்திரமாக்குகிறது. பிரசங்கி மட்டும் செழிக்க, ஜனங்கள் முன்னிலும் அதிக ஏமாற்றத்தோடு அதே வறுமையில் விடப்படுகிறார்கள் என்று முடிவு கூறினார்கள். அரசியல் தொண்டர் ஒவ்வொருவரும் படிக்கத் தகுந்த பத்திரம் அது.

பேக்கரையும் மறந்துவிடலாகாது. சிறையில்தான் தாம் பைபிளை முதன்முறையாக முழுவதும் படித்ததாகவும், தாம் போதித்த செழிப்புக் கொள்கை அதற்கு முரணென்று கண்டதாகவும் 1996ல் வெளியிட்ட நூலில் அவர் ஒப்புக்கொண்டார். நூலின் பெயரே 'நான் தவறினேன்' என்பது. சிறையில் இருந்து இயேசுவின் போதனையை ஆராய்ந்த வேறொருவர் நம்மவர்: தஞ்சையிற் பிறந்த ஸ்ரீ ஜே. சி. குமரப்பா, தேசத்துக்காகச் சிறைப்பட்டு, அங்கே இயேசுவின் வாழ்வையும் உபதேசத்தையும் பற்றி நூல் எழுதினார். அவருக்குத் திருந்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எளிமையை முன்னமே கைக்கொண்டிருந்தார். பேக்கரோ மறுபடியும் டெலிவிஷனுக்குப் போனார். அவரது நிகழ்ச்சியில் விற்ற வெள்ளிக் கரைசலைக் கொரோனா நோயோடு சேர்த்துப் பேசியதற்காக 2020ல் மிசௌரி மாகாண அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. 2021ல் வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்ப இசைய நேர்ந்தது. அதனால் அவர் சிறையில் கண்டது பொய்யாகிவிடாது.

ஜார்ஜியா மாகாணத்தில் கிரெப்லோ டாலர் என்ற போதகர் இருக்கிறார்; பெயரே அது, நமது கற்பனையன்று. 2015ல் ஆறரைக் கோடி டாலர் பெறுமான ஆகாய விமானம் வாங்கத் தம் அன்பர்களிடம் பணங்கேட்டுப் பெரும் பரிகாசத்துக்கு ஆளானார். 2022ல் அவரே, தசமபாகம் பற்றித் தாம் முன்பு போதித்தது பிழை, அது சம்பந்தமான தம் புத்தகங்களை எறிந்துவிடுங்கள் என்று தம் சபையில் அறிவித்தார். இவ்வளவு சொல்லவும் தைரியம் வேண்டும். அதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களை நம்பிப் பல ஆண்டுகள் பத்தில் ஒன்றைச் செலுத்திவந்த ஒருவர், அப்பணத்தைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்டு வந்தால், 1944ம் வருஷத்துத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, அவருடைய சபையாரிடமே போய் முறையிடும்படி சொல்லி அனுப்புவதைத் தவிர அந்நாட்டு வக்கீலுக்கு வேறு வழியில்லை.