சத்தமாகப் பேசினால் புரிந்துவிடுமா?

கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து 'படம்' என்று சொல்லுங்கள். அடுத்து 'மடம்'. வித்தியாசம் தெரிந்ததா? தெரியாது. இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகின்றன. 'ம' சொல்லும்போது காற்று மூக்கு வழியாகப் போகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாதே! இப்போது 'கல்'. 'க' பிறப்பது நாக்கின் பின்பகுதியில். எதிரில் இருப்பவருக்குத் திறந்த வாய்தான் தெரியும்.

காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் பலர், வகுப்பில் நாள் முழுக்க இந்தப் புதிரை விடுவித்துக்கொண்டே இருக்கிறார்கள். காதில் விழுந்தது கொஞ்சம், உதட்டில் பார்த்தது கொஞ்சம், மீதி ஊகம். சாயங்காலத்துக்குள் களைத்துப்போவதில் வியப்பே இல்லை.

"அதான் காதுல மெஷின் மாட்டியிருக்காங்களே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒலி பட்டதும் செவிப்பறை அதிரும். அந்த அதிர்வு மூன்று குட்டி எலும்புகளைத் தாண்டி உள்காதுக்குப் போகும். அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட 'காக்ளியா'வுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற ஒலிகளையும், சுருளின் கோடியில் இருப்பவை இடிமுழக்கம் போன்ற கனத்த ஒலிகளையும் பிடிக்கும். கோழிக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மறுபடி வளர்ந்துவிடும். நமக்கு வளராது.

காது கேட்கும் கருவி ஒலியைப் பெரிதாக்கும். ஆனால் வாசல் பக்கத்துச் செல்கள் இல்லையென்றால், 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய கீச்சொலிகள் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவாக விழாது. 'பஸ்' வெறும் 'ப' ஆகிவிடும். போதாததற்கு, மின்விசிறி இரைச்சலும் பெஞ்சை இழுக்கும் சத்தமும் சேர்ந்து பெரிதாகும். பக்கத்தில் போய்க் கத்தினாலோ, உதட்டின் வடிவமும் கோணிப்போகும்.

அதனால் கத்த வேண்டாம். முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நின்று, இயல்பாகப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். புரியவில்லை என்றால் அதே விஷயத்தை வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் சிரித்த ஒன்றை அவர்களுக்கு மட்டும் மறைப்பது போலாகும் அது.

உதட்டை நம்பாத வழியும் ஒன்று உண்டு: சைகை மொழி. 1977-ல் நிகரகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் காது கேட்காத பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதடு பார்த்துப் புரிந்துகொள்ளவும் ஸ்பானிஷ் பேசவும் பழக்கினார்கள். அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் கைகளால் பேசிப் பேசித் தங்களுக்கென்று ஒரு புது மொழியையே உருவாக்கிவிட்டார்கள்! பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதன் இலக்கணத்தை இன்னும் செழுமையாக்கினார்கள். 1986-ல் அங்கே போன மொழியியல் அறிஞர் ஜூடி கெகல் அதை ஆராயத் தொடங்கினார்.

நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி இருக்கிறது. அதில் 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவமும் முகமும் சேர்ந்து பேசும். உங்கள் பள்ளியில் அது தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால், உங்கள் பெயரைக் கையால் எப்படிச் சொல்வது என்று முதலில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.