ஆன் ஆகாத பழைய கம்ப்யூட்டர்... உள்ளே இருக்கும் போட்டோக்களை மீட்பது எப்படி?

பரணைச் சுத்தம் செய்யும் நாள்களில் பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. பழைய போர்வை சுற்றிய சி.பி.யூ ஒன்று கீழே இறங்கும். "இதை எடைக்குப் போட்டுடலாமாம்மா?" என்று மகன் கேட்பான். அம்மா மட்டும் தயங்குவார். "டேய், உன் காதுகுத்து போட்டோ எல்லாம் இதுலதான்டா இருக்கு. தாத்தா பேசுன வீடியோகூட இதுலதான்..." ஆசையாக பிளக்கைச் செருகி பட்டனை அழுத்தினால், எந்தச் சத்தமும் வராது. அல்லது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும்.

'அவ்வளவுதான், எல்லாம் போச்சு' என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள் பலர். அது தேவையில்லை. வண்டி ரிப்பேரானால் டிக்கியில் இருக்கும் பெட்டியும் ரிப்பேர் ஆகிவிடுமா என்ன? போட்டோ, வீடியோ, கடிதம் எல்லாம் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு ஏதாவது பாகமாக இருக்கலாம்.

அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்!

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனதும் பல இடங்களில் வரும் முதல் பதில், "ஓ.எஸ் அடிவாங்கிருச்சுக்கா... ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம். சி டிரைவ் மட்டும்தான் அழியும். டி, இ எல்லாம் அப்படியே இருக்கும்" என்பதுதான்.

இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். விண்டோஸில் டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ், மை பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் நாமாக இடம் மாற்றியிருந்தால் தவிர, சி டிரைவுக்குள்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் 'குட்டிப் பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தால், அதுவும் சி டிரைவோடு சேர்ந்தே போகும்.

சாதாரணமாக ஃபார்மட் செய்ததுமே ஃபைல்கள் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப்போட்டதுபோலத்தான் அது. ஆனால், அதன் மேல் புதிய விண்டோஸை ஏற்றும்போது பழைய ஃபைல்கள் இருந்த இடத்தில் புதியவை எழுதப்படும். அப்படி எழுதப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை. எனவே, கடையில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இதுதான்: "கம்ப்யூட்டர் ஓடாட்டியும் பரவாயில்லை. எனக்கு டேட்டாதான் வேணும்."

கோளாறு எங்கே?

பட்டனை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றவில்லை என்றால், பவர் சப்ளை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, 'பீப்' சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் ரேம் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகினாலே சில கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்றுவிடும். தேதி பல வருடங்கள் பின்னால் போய் நின்றால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சி.ஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினால் வழி பிறக்கும்

இவை எதுவும் பலிக்காவிட்டால், ஹார்டு டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். சில திருகுகளும் இரண்டு கேபிள்களும்தான். டேட்டா கேபிள் அகலமான பட்டையாக இருந்தால் அது ஐ.டி.இ என்ற பழைய வகை. விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் என்றால் சாட்டா வகை. இரண்டையும் யு.எஸ்.பி-யாக மாற்றித் தரும் அடாப்டர்கள் ஆன்லைனிலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களிலும் கிடைக்கின்றன. டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு யு.எஸ்.பி மின்சாரம் போதாது. எனவே, தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தால், பென் டிரைவைப்போலவே திறக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குப் பின் வந்தவை என்றால் 'யூஸர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் இருக்கும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் 'கன்டினியூ' கொடுங்கள். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு 'கேன்சல்'தான்! அதன் பிறகு டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை முயன்று பார்க்கலாம். மீட்கும் ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும் என்பது முக்கியம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் மட்டும்தான் வரவில்லை என்றால் எதையும் கழற்ற வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல், ஃபைல்களை மட்டும் வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளலாம். மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் பப்பி லினக்ஸ் கைகொடுக்கும்.

'டக்... டக்...' சத்தம் கேட்கிறதா?

ஹார்டு டிஸ்க்கில் இருந்து 'டக்... டக்...' என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தகட்டைப் படிக்கும் ஊசி போன்ற பாகம் பழுதாகியிருக்கலாம். 'இன்னும் ஒரு தடவை பார்ப்போமே' என்று ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தகட்டில் கீறல் விழக்கூடும். ஃப்ரீஸரில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது இரண்டும் வேண்டாம். ஈரமும் தூசியும் இருக்கிற கொஞ்சநஞ்ச வாய்ப்பையும் கெடுத்துவிடும். தூசியில்லாத தனி அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிறுவனங்களிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும். செலவு அதிகம். அதனால், எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து புரியவில்லையா? அழித்துவிடாதீர்கள்!

யூனிகோட் பரவலாவதற்கு முன், தமிழில் டைப் செய்தவர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். அப்பா எழுதிய கடிதம், தாத்தா டைப் செய்த குடும்ப வரலாறு போன்றவற்றை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாததுதான் காரணம். பழைய டிஸ்க்கின் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து காப்பி செய்யுங்கள். அதே எழுத்துருவைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவினால் கடிதம் தமிழில் தெரியும். பிறகு, எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு...

இப்போதைய லேப்டாப்களில் இவ்வளவு எளிதில்லை. சிலவற்றில் சேமிப்பகம் மதர்போர்டோடு ஒட்டியே வருகிறது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால், டிஸ்க்கைக் கழற்றினாலும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் திறக்காது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதை எடுத்து, நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

மீட்ட படங்களை ஒரே இடத்தில் வைத்தால், சில வருடங்களில் இதே கதை திரும்பும். வீட்டில் இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் ஒவ்வொரு பிரதி, வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ கிளவுடிலோ ஒரு பிரதி என மூன்றாக வையுங்கள். காப்பி ஆனதோடு விட்டுவிடாமல், சில படங்களையும் தாத்தாவின் வீடியோவையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

அதன் பிறகு அந்த சி.பி.யூ-வை தாராளமாக எடைக்குப் போடலாம், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு!