எக்ஸ்ரேயில் தேய்மானமா? கத்திக்குச் சம்மதிக்கும் முன்...

இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையில் 'எல்4-எல்5 இடைவெளி குறைவு', 'எலும்பு முளை', 'லம்பார் ஸ்பான்டிலோசிஸ்' என்று ஒரு வரி வந்தால் போதும். முதுகெலும்பே தேய்ந்துவிட்டதென்று வேலையை விட்டுப் படுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் பெல்ட்டைக் கழற்றாதவர்களும், நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்குக் கிளம்புபவர்களும் உண்டு. ஆனால் அந்த வரி பெரும்பாலும் வயதைத்தான் சொல்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் சி.டி., எம்.ஆர்.ஐ. முடிவுகளைத் திரட்டி 2015-ல் வெளியான ஆய்வின்படி, 20 வயதினரில் 37 சதவீதம், 50 வயதினரில் 80 சதவீதம், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது.

'அப்படியானால் என் வலி பொய்யா?' என்று கேட்பார்கள். வலி நிஜம்தான், அதற்குத் தேய்மானம்தான் காரணம் என்பதை எக்ஸ்ரே மட்டும் நிரூபிக்காது. அதில் எலும்பு தெரியும். நரம்பும் டிஸ்க்கும் தெரியாது. இடைவெளி குறைந்திருப்பதை வைத்து டிஸ்க்கின் நிலையை ஊகிக்கிறார்கள், அவ்வளவே. எலும்பு முறிவு, எலும்பு நகர்வு போன்றவற்றைக் கண்டறிய எக்ஸ்ரே உதவும். மற்றபடி, மருத்துவர் காலை நீட்டி உயர்த்திப் பார்த்து, கால் கட்டைவிரலின் பலத்தையும் தொடு உணர்வையும் சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். உடம்பைத் தொடாமல் படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது சிகிச்சை முறையல்ல. திடீர் இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அதுவரை முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. படுத்தே கிடந்தால் மீள்வது தாமதமாகும்.

அதற்காக எல்லா வலியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், முதியவர் கீழே விழுதல் ஆகியவற்றோடு வலி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

ஆபரேஷன் என்றதும் பணம் புரட்டுவதற்கு முன் காகிதங்களைப் புரட்டுங்கள். படம், அறிக்கை, மருந்துச்சீட்டு, பில் எல்லாவற்றையும் வாங்கி, இன்னொரு எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். ஆவணம் தர மறுத்தால், பெயர், சிகிச்சை தேதி, கேட்கும் ஆவணங்களைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். கோரினால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிமுறைகள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீது தொலையக் கூடாது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். கட்டணச் சிகிச்சையில் குறைபாடு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வாய்ப்பேச்சில் கேட்டதை நிரூபிப்பது கடினம். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: தேய்மானம் என்ற சொல்லுக்காக அவசரப்படாதீர்கள், சிறுநீர் அடைத்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள்.